மூன்று மூடி வேப்பெண்ணெய்

போன சனிக்கிழமை காலை ஒரு மனிதரை மூச்சுத் திணற வைத்துவிட்டேன்.

வேண்டுமென்றா? இல்லை. உதவி செய்யப் போனேன். என் விஷயத்தில் இரண்டும் பல சமயம் ஒரே இடத்தில்தான் போய் முடியும் என்பது வாராவாரம் இந்தப் பக்கத்தைப் புரட்டுகிறவர்களுக்குத் தெரியும்.

மனிதர் பெயர் காதர் பாய். இடம், தாராவியில் தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏழு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடி. என் கையில் ஒரு ஸ்ப்ரே பாட்டில். உள்ளே வேப்பெண்ணெயும் சோப்புத் தண்ணீரும். எல்லாம் இயற்கை, எல்லாம் ஆர்கானிக்... அந்த மனிதர் மட்டும் நாற்காலியில் குனிந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, காற்றுக்கு அலைந்துகொண்டிருந்தார்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன். இல்லாவிட்டால் என்னைப் பற்றி இன்னும் மோசமாக நினைப்பீர்கள்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் நான் வேலை பார்த்த காலம் முழுக்க என் தோளில் தொங்கிய பைகள் எல்லாம் காதர் பாய் தைத்தவை. மேலப்பாளையத்திலிருந்து பதினேழு வயதில் பம்பாய்க்கு வந்தவர். தாராவியில் சொந்தமாகத் தோல் பைப் பட்டறை போட்டார். தோலைத் தோலோடு ஒட்ட ஒரு மஞ்சள் பசை உண்டு, சொல்யூஷன் என்பார்கள். டப்பாவைத் திறந்தாலே கண் எரியும். ஜன்னல் இல்லாத அறையில் நாற்பது வருஷம் அந்த வாசனையோடு உட்கார்ந்திருந்தால் நுரையீரல் என்ன ஆகும்? ஆகிவிட்டது. பட்டறையை இப்போது மருமகன் பார்த்துக்கொள்கிறார். புகை கூடாது, தூசி கூடாது, மருந்து வாசனை அறவே கூடாது, முடிந்தவரை திறந்த வெளியில் உட்காருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பிவிட்டார்.

தாராவியில் திறந்த வெளிக்கு எங்கே போவது? வெளியே போனால் சந்து, சந்து முடிந்தால் இன்னொரு சந்து. திறந்திருப்பது மேல்பக்கம் மட்டும்தான். அதனால் தினமும் காலையில் காதர் பாய் ஆறாவது மாடி வீட்டிலிருந்து லிஃப்டில் ஏழுக்குப் போய், அங்கிருந்து மொட்டை மாடிக்குப் போகும் படிகளை இரண்டு தடவை உட்கார்ந்து எழுந்து ஏறி, தண்ணீர் டேங்க் நிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காருவார். வெயில் ஏறும்வரை அங்கேதான். 'அங்க மட்டுந்தான் மூச்சு முழுசா உள்ள போவுது' என்று என்னிடம் ஒருநாள் சொன்னார்.

அவர் சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று அவர் மனைவி நூர், ஆறு பழைய பெயின்ட் டப்பாக்களில் அவரைக்காய் விதை போட்டாள். நைலான் கயிறு கட்டிக் கொடியை ஏற்றினாள். போன வருஷம் கொடி நன்றாகத்தான் வந்தது. பூக்கிற நேரம் பார்த்துக் கறுப்பு அசுவினி பிடித்தது. தெரியும் இல்லையா? தண்டு முழுக்க எள்ளை அப்பியது போல மொய்த்துக்கொண்டு சாற்றை உறிஞ்சுமே, அந்தப் பூச்சி. உறிஞ்சுவதோடு விடாது. பிசுபிசுவென்று ஒரு திரவத்தையும் சொட்டும். அதைத் தின்ன எறும்பு வரும். கீழே கொடிக்கம்பியில் காயும் துணியெல்லாம் ஒட்டும். கட்டடத்துக் கமிட்டி மருந்துக்காரனைக் கூட்டி வந்து மாடி முழுக்க அடித்தது. பூச்சி போனது, அவரைக்கொடியும் போனது. காதர் பாய் ஒன்றரை மாதம் மேலே போக முடியவில்லை. வீட்டுக்குள்ளேயே கிடந்து, இரண்டு தடவை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

இந்த வருஷம் மறுபடி விதை போட்டபோது நூர் எனக்கு போன் செய்தாள். குரலில் பயம். "அக்கா, இந்தத் தடவையும் பேனு வந்துட்டுன்னா மருந்து அடிச்சிருவாவ. இவியளுக்கு ஆவாது. நீங்க படிச்சவிய, வேற வழி எதும் இருக்கா?"

படிச்சவிய! இந்த ஒரு வார்த்தை போதாதா எனக்கு?

ஒரு வாரம் ராப்பகலாகப் படித்தேன். வீடியோ பார்த்தேன். என் வீட்டுக்காரர் காபி கேட்டால் அசுவினியின் ஆயுட்காலம் பற்றிச் சொன்னேன். விஷயம் எளிமையானது, அழகானது. அசுவினியைத் தின்கிற பூச்சிகள் உலகத்தில் நிறைய இருக்கின்றன. சிவப்பில் கறுப்புப் புள்ளி வைத்த பொறிவண்டு. தேனீ மாதிரிக் கோடு போட்டிருந்தும் கொட்டத் தெரியாத, அந்தரத்தில் அசையாமல் நிற்கிற ஒரு சின்ன ஈ. கொசுவை விடச் சின்னதாக ஒரு குளவி. இது மனிதர்களை ஒன்றும் செய்யாது, அசுவினியின் வயிற்றுக்குள் முட்டை வைத்துவிட்டுப் போய்விடும். மிச்சத்தை முட்டையிலிருந்து வரும் புழு பார்த்துக்கொள்ளும்.

இவர்களை எப்படி வரவழைப்பது? இவர்களில் பெரியவர்களுக்குத் தேனும் மகரந்தமும் வேண்டும். ஆகவே காய்ச்செடிக்குப் பக்கத்தில் பூச்செடி வை. பூவுக்கு வருகிறவர்கள் அக்கம்பக்கத்தில் அசுவினியைப் பார்ப்பார்கள். குழந்தைகளுக்குச் சாப்பாடு இருக்கிறது என்று அங்கேயே முட்டை வைப்பார்கள். மருந்து வேண்டாம், வாசனை வேண்டாம், காதர் பாய் நிம்மதியாக உட்காரலாம்.

"மாவு பொங்கறதுக்கு முன்னாடி நாலு தரம் மூடியைத் திறந்து பாக்கறவ நீ. உன்னை நம்பிப் பூச்சி வளக்கறாளா?" என்றார் என் வீட்டுக்காரர். நான் காதில் வாங்கவில்லை.

செம்பூரில் ஒரு நர்சரியில் செண்டுமல்லி நாற்றும் காஸ்மாஸ் நாற்றும் வாங்கினேன். செண்டுமல்லிக்கு எங்கள் வீட்டில் வழங்குகிற பெயர் வேறு, முஸ்லிம்களைக் குறிக்கும் ஒரு பழைய சொல் அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதை நூர் வீட்டில் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்கள் ஊரில் கேந்தி என்கிறார்கள். நானும் கேந்திக்கு மாறிக்கொண்டேன். ஆட்டோவில் மடியில் நாற்றுகளை வைத்துக்கொண்டு சுனாபட்டி சிக்னலில் பத்து நிமிஷம் நின்றபோது, இறங்கி நடந்தே போய்விடலாமா என்று இரண்டு தடவை யோசித்தேன். சயான் வரை எத்தனை தூரம் என்று ஆட்டோக்காரரைக் கேட்டுக் கேட்டு அவர் பதில் சொல்வதையே நிறுத்திவிட்டார்.

நட்டோம். செப்டம்பர் கடைசியில் மாடி ஓரம் முழுக்க ஆரஞ்சும் மஞ்சளும். போட்டோ எடுத்து எனக்குத் தெரிந்த அத்தனை பேருக்கும் அனுப்பினேன். ஒரு மூலையில் நூர் தூவிவிட்ட கொத்தமல்லி மட்டும் அக்டோபர் சூட்டில் நெட்டுக்குத்தாக வளர்ந்து, இலை மெலிந்து, வெள்ளையாகப் பூத்து, பார்க்கச் சகிக்காமல் நின்றது. இதைப் பிடுங்கிப் போட்டுவிட்டு இன்னும் நாலு கேந்தி வைக்கலாம் என்றேன். நூர் சரி என்பதுபோலத் தலையை ஆட்டினாள், ஆனால் பிடுங்கவில்லை. விதைக்கு ஆகுமே என்று விட்டுவைத்திருக்கிறாள். அப்போது எனக்கு அது தெரியாது.

பிறகு தசரா வந்தது.

தசரா முடிந்த மறுநாள் மேலே ஏறிப் பார்க்கிறேன்... ஒரு பூ இல்லை. ஒன்றே ஒன்று கூட இல்லை. காம்பு மட்டும் நிற்கிறது. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. யார் இந்த வேலையைச் செய்தது? பூஜைக்குப் பூப்பறிக்க விடிகாலையில் அடுத்தவர் வீட்டு வேலிக்குள் கை விடுகிற மாமிகளை மாதுங்காவில் நிறையப் பார்த்திருக்கிறேன். என் சொந்தங்களே உண்டு. இங்கேயுமா?

பறித்தது காதர் பாய்.

தசரா அன்று பட்டறையில் தையல் மெஷின்களுக்குப் பூ வைத்துப் பூஜை நடக்கும். வேலை பார்ப்பவர்களில் பாதிப் பேர் திருநெல்வேலிக்காரர்கள், மீதி பீகார்க்காரர்கள். பூவும் தேங்காயும் முதலாளி செலவு, அது அந்தப் பட்டறையின் வழக்கம். நான் கத்த வாயைத் திறந்தபோது காதர் பாய் சின்னக் குழந்தை போலச் சிரித்துக்கொண்டு சொன்னார். "முப்பது வருசமா மெசினுக்குப் பூவு நான்தான் வாங்கிக் குடுக்கேன் மேடம். இந்த வருசந்தான் என் கையால வளத்த பூவு."

எட்டு மெஷினுக்கும் மாலை கட்டியதுபோக மிச்சத்தைக் கமிட்டி செக்ரட்டரி வீட்டு வாசல் தோரணத்துக்குக் கொடுத்தாராம். மூச்சு விட முடியாதவர் இரண்டு மணி நேரம் நின்று நின்று பறித்திருக்கிறார். இவரிடம் எப்படிக் கோபப்படுவது? நானும் சிரித்து வைத்தேன். உள்ளுக்குள் பொருமினேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும். என் திட்டத்தை மெஷின் கழுத்தில் மாட்டிவிட்டாரே மனிதர்!

கேந்தி மறுபடி மொட்டு விடுவதற்குள் அசுவினி வந்துவிட்டது. முதலில் ஒரு டப்பாவில், ஒரு நுனியில். நாலே நாளில் ஆறு டப்பாவிலும். பூ விடப் போகிற நுனியெல்லாம் கறுப்பு. போன வருஷத்துக் கதை அப்படியே.

செக்ரட்டரி மேலே வந்து பார்த்தார். செல்வராஜ் என்று பெயர், எல்லோருக்கும் அண்ணாச்சி. கெட்டவர் இல்லை. "நானும் செடிக்கு எதிரி கெடையாது மேடம். துணி காயப்போட்டா ஒட்டுது, டேங்க் மூடியெல்லாம் எறும்பு. எல்லாரும் என்னையத்தான கேக்காவ?" என்றார். மருந்துக்காரனிடம் சொல்லியாகிவிட்டது என்றார். நான் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் கற்ற அத்தனை பேச்சையும் பேசி, பத்து நாள் வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு வந்து பார்ப்பார். பிசுபிசுப்பு போயிருந்தால் சரி. இல்லையென்றால் மருந்து.

பத்து நாள்!

படித்தபோது ஒரு வரி கண்ணில் பட்டிருந்தது, நான்தான் வேகமாகத் தாண்டிப் போயிருந்தேன். அசுவினி முதலில் வரும், அதைத் தின்கிறவை பிறகுதான் வரும், நடுவே பொறுமையாக இருக்க வேண்டும் என்று. நியாயம்தானே? சாப்பாடே இல்லாத வீட்டுக்கு யார் விருந்துக்கு வருவார்கள்? ஆனால் அந்த 'நடுவே' இருக்கிறதே... அந்த நடுவில் என்னை மாதிரி ஆசாமி என்ன செய்வது? இந்த ஊரே காத்திருக்கத் தெரியாதவர்களின் ஊர். ட்ரெயின் நிற்பதற்கு முன்னால் இறங்குகிறோம், நிற்பதற்கு முன்னால் ஏறுகிறோம். தாதர் வருவதற்கு இரண்டு ஸ்டேஷன் முன்பே எழுந்து வாசலில் நிற்கிறோம். அதில் நாற்பது வருஷம் பழகிய உடம்பு இது.

தினமும் காலையில் நூருக்கு போன். வந்துதா? "இல்லக்கா." மத்தியானம் ஒரு போன். சாயங்காலம் இன்னொன்று. பொறிவண்டு ஒன்று வந்து உட்கார்ந்ததாக மூன்றாம் நாள் சொன்னாள். ஒன்றா? ஒன்றை வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஏழாம் நாள், இலையில் முள்ளு முள்ளாக, கறுப்பில் ஆரஞ்சுப் பொட்டு வைத்த அசிங்கமான புழு ஏதோ ஊர்கிறது என்றாள். போச்சு, இன்னொரு பூச்சியும் வந்துவிட்டது என்று எனக்குத் தூக்கம் போனது. மனசு ஒரு இடத்தில் நிற்கவில்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஜன்னலுக்குப் போனேன், ஜன்னலிலிருந்து போனுக்கு, போனிலிருந்து மறுபடி அடுப்புக்கு.

எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பயம் இருந்தது. செடிக்காக இல்லை. நான் பேசின பேச்சுக்கு அந்த மனிதர் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிற ஒரே இடம் போகப்போகிறது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஒன்பதாம் நாள், சனிக்கிழமை. கடைக்குப் போய் ஒரு ஸ்ப்ரே பாட்டிலும் வேப்பெண்ணெயும் வாங்கினேன். ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மூடி என்று லேபிளில் போட்டிருந்தது. நான் மூன்று மூடி ஊற்றினேன். கொஞ்சம் சோப்பு. பையில் வைத்துக்கொண்டபோது, சும்மா ஒரு பாதுகாப்புக்கு, அவசியம் இருக்காது என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். யாரை ஏமாற்றுகிறேன்?

மேலே போனேன். நூர் டீ போடக் கீழே போயிருந்தாள். காதர் பாய் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். கொடியைப் பார்த்தேன். முதல் மூன்று டப்பாவிலும் கறுப்பு அப்படியே இருப்பதுபோலத் தெரிந்தது. அந்த அசிங்கப் புழுக்கள் வேறு ஊர்ந்துகொண்டிருந்தன. உற்றுப் பார்த்தேனா? பார்க்கவில்லை. வெயில் சுள்ளென்று விழுந்துகொண்டிருந்தது. நாளைக்குப் பத்து மணி... நாளைக்குப் பத்து மணி... பாட்டிலை எடுத்தேன்.

முதல் டப்பா. இரண்டாவது டப்பா. மூன்றாவது டப்பாவில் பாதி அடித்தபோது காற்று திரும்பியது.

முதல் இருமல் சாதாரண இருமல் என்று நினைத்தேன். இரண்டாவது இருமலில் திரும்பிப் பார்த்தேன். அவர் எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார். முடியவில்லை. தோள் இரண்டும் மேலே ஏறி ஏறி இறங்கின. மூச்சு உள்ளே போகாமல் கரகரவென்று சத்தம் மட்டும் வந்தது. நான் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை. நூர் என்று கத்தினேனாம், அது எனக்கு நினைவில்லை.

நூர் இன்ஹேலரோடு ஓடி வந்தாள். ஏழு மாடிக்கும் கேட்டிருக்கும் என் சத்தம். ஒரு தடவை, இரண்டு தடவை, மறுபடி ஒரு தடவை அழுத்தினாள். முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவர் தோள் இறங்க அரைமணி நேரம் ஆனது. நான் அந்த அரைமணி நேரமும் ஒரு வேலையும் செய்யாமல் நின்றேன். அதைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம்.

அவர் சுவாசம் சீரானதும் நூர் என்னிடம் வந்தாள். திட்டவில்லை. கையிலிருந்து பாட்டிலை வாங்கினாள், மூடியை இறுக்கினாள், என் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். அப்புறம் மெதுவாகக் கேட்டாள்.

"இந்த வாடையே ஆவாதுன்னுதானக்கா பூவு வச்சோம்?"

எங்கள் வீடு இருக்கும் திலக் நகர் வரும்வரை ஆட்டோவில் அழுதேன். அறுபத்தோரு வயதில் சயான் சிக்னலில் அழுவது அவ்வளவு கௌரவமான விஷயம் இல்லை. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துவிட்டுப் பாட்டை நிறுத்தினார்.

ஞாயிற்றுக்கிழமை போவதாக இல்லை. எந்த முகத்தோடு போவது? என் வீட்டுக்காரர்தான் செருப்பை எடுத்து வாசலில் வைத்தார். "போய் சாரி சொல்லிட்டு வா. வேற எதுவும் பண்ணாதே. சாரி மட்டும்." நல்ல மனிதர். முப்பத்தைந்து வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன உருப்படியான யோசனைகளில் இதையும் சேர்க்கலாம்.

எட்டரைக்கு மேலே ஏறினேன். காதர் பாய் நாற்காலியில் இருந்தார். முகம் வாடியிருந்தது, ஆனால் மூச்சு சீராக இருந்தது. பக்கத்தில் இன்னொரு நாற்காலி. நான் மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன், அவர் கையை மட்டும் அசைத்தார். பேசினால் அவருக்கு மூச்சு வாங்கும். நான் கொடிப் பக்கம் போகப் பார்த்தேன்.

"ஒக்காருங்க மேடம். நின்னுக்கிட்டே இருந்தா ஒண்ணும் தெரியாது."

உட்கார்ந்தேன். இரண்டு நிமிஷத்தில் எழப் பார்த்தேன். பையில் போன் இருந்தது, அதை எடுக்கப் போனேன். அவர் எதிரே நாலாவது டப்பாவைக் கையால் காட்டினார். நான் மருந்தடிக்காத டப்பா. கொத்தமல்லி மூலைக்குப் பக்கத்தில் இருப்பது.

அங்கே அந்த முள்ளுப் புழு ஒன்று ஒரு அசுவினியைக் கவ்விக்கொண்டிருந்தது. கவ்வி, உறிஞ்சி, கூட்டை உதறிவிட்டு அடுத்ததற்குப் போனது. பக்கத்தில் இன்னொரு புழு, அதுவும் அப்படியே. பொறிவண்டின் குஞ்சுகள்! நான் எதிரி என்று நினைத்துப் பதறியவை. அழகான தாய் தின்பதைவிட இந்த அசிங்கக் குஞ்சுகள்தான் நிறையத் தின்னும் என்று அதே வீடியோவில் சொல்லியிருந்தார்கள். அந்த இடத்தில் நான் வேகமாக ஓட்டிவிட்டேன் போலிருக்கிறது.

தண்டில் கறுப்பு இல்லை. தண்டே தெரிந்தது, பச்சையாக. மிச்சமிருந்த அசுவினிகளில் பலதும் உப்பிப்போய், காய்ந்த காகிதம் மாதிரிப் பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தன. குளவி வந்து போனதற்கு அது அடையாளம். குளவி எங்கிருந்து வந்தது? கேந்திதான் இப்போது மறுபடி ரெண்டு பூ விட்டிருக்கிறதே என்று பார்த்தால், அதில் ஈ கூட இல்லை. அடுக்கடுக்காக இதழ் வைத்த பூவில் அந்தப் பொடிப் பூச்சிகளுக்குத் தேன் எட்டாதாம். எல்லாக் கூட்டமும் நான் பிடுங்கச் சொன்ன கொத்தமல்லியின் வெள்ளைப் பூவில் இருந்தது. அந்தரத்தில் நிற்கிற ஈ, கொசு அளவு குளவி, பெயர் தெரியாத இன்னும் என்னென்னவோ. நர்சரியில் தேடித்தேடி வாங்கி, மடியில் வைத்துக் கொண்டுவந்து, போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பினேனே... அதற்கு ஒருவரும் வரவில்லை. சாம்பாருக்குக் கிள்ளிப் போட விதைத்து, சூட்டில் முற்றிப்போன செடிக்கு இத்தனை பேர்!

அப்புறம் முதல் மூன்று டப்பாக்களைப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். மூன்று மூடி எண்ணெயும் சுள்ளென்ற வெயிலும் சேர்ந்து இலையெல்லாம் பழுப்பாகக் கருகியிருந்தன. அசுவினி செத்திருந்தது, எல்லாம் இல்லை. இலை மறைவில் கொஞ்சம் பிழைத்திருந்தது. கீழே மண்ணில் அந்த முள்ளுப் புழுக்கள் சுருண்டு கிடந்தன. நிறையக் கிடந்தன. இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் அவை அந்த டப்பாக்களையும் முடித்திருக்கும். நான் விடவில்லை.

பத்துக்குச் சரியாக அண்ணாச்சி வந்தார். பின்னால் முதுகில் டேங்க் மாட்டிய மருந்துக்காரர். நூர் சேலைத் தலைப்பை இறுக்கிக்கொண்டு படிவாசலில் நின்றாள். எனக்கு நாக்கு துறுதுறுவென்றது. பொறிவண்டு, குளவி, கொத்தமல்லி என்று ஒரு பிரசங்கமே தயாராக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். எவ்வளவு கஷ்டப்பட்டு மூடினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

அண்ணாச்சி பேச்சை நம்புகிறவர் இல்லை. நாலாவது டப்பாவின் இலையைத் திருப்பி, அடிப்பக்கத்தில் விரலை வைத்து இழுத்தார். கட்டைவிரலோடு சேர்த்துத் தேய்த்துப் பார்த்தார். அஞ்சாவதிலும் பார்த்தார், ஆறாவதிலும் பார்த்தார். கொடிக்கம்பியில் காய்ந்த ஒரு துண்டைத் தொட்டார்.

"ஒட்டலயே" என்றார்.

மருந்துக்காரரிடம் கீழே சாக்கடையையும் மாடிப்படி மூலைகளையும் மட்டும் அடிக்கச் சொன்னார். மேலே இப்போதைக்கு வேண்டாம், தை பிறக்கட்டும், பார்ப்போம் என்றார். நூர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. காதர் பாய் நாற்காலிப் பிடியை விட்டுவிட்டு ஒரு முழு மூச்சு இழுத்தார். அந்தச் சத்தத்தை நான் கேட்டேன்.

படியிறங்கப் போன அண்ணாச்சி முதல் மூன்று டப்பாவுக்கு எதிரே நின்றார். என் நெஞ்சும் நின்றது.

"இது என்ன பாய், இங்க மட்டும் இலையெல்லாம் கருகிக் கெடக்கு?"

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் காதர் பாய், பேசினால் மூச்சு வாங்குகிறவர், நிதானமாகப் பதில் சொன்னார்.

"அது வெயிலு அண்ணாச்சி. இந்த வருசம் ரொம்பக் கடுமை."

அந்த வெயிலுக்கு அறுபத்தோரு வயது. திலக் நகரில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறது.